வெள்ளை காட்டுதல்

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பெருங்காயம் வாங்க வருகிறவன் முதலில் மிளகு விலையைத்தான் கேட்பான். மிளகை அள்ளி முகர்ந்து, சுக்கை ஒடித்துப் பார்த்து, கிளம்புகிற பாவனையில் ஒரு காலைத் தெருவில் வைத்துவிட்டு, அப்புறம் போகிறபோக்கில், "பெருங்காயம் கெடக்கா?" என்பான். நமக்கு வேண்டியது எதுவென்று கடைக்காரனுக்குத் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். அழகியநம்பி அப்படியொரு பெருங்காயக் கடையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பெருங்காயம் விற்ற அதே வாயால், மகன் தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தான்.

அதனால், கரமனை பிச்சைக்கனி இடவப்பாதி மழையில் நனைந்த குடையோடு படியேறி வந்து, அலமாரியில் எதையும் ஏறிட்டுப் பார்க்காமல், "நம்பி, நிறத்தச் சரியாக்குற எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுடே?" என்று நேராகக் கேட்டபோது நம்பிக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இப்படிக் கேட்கிறவரிடம் எந்த இடத்தில் பேரத்தைத் தொடங்குவது?

"உக்காருங்க அண்ணாச்சி. சாயா சொல்லட்டா?"

"சாயா வேண்டாம். நிறத்துக்கு எது?"

பிச்சைக்கனி ராதாபுரம் பக்கத்துக்காரர். கல்யாண வீடுகளில் வீடியோக்காரனுக்கு லைட் பிடிக்க வந்து, பிறகு தானே வீடியோக்காரர் ஆனவர். இரண்டு வி.சி.ஆரை வயரால் கோர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றில் ஓடுவதை மற்றதில் வெட்டி ஒட்டுவதுதான் இதுவரை அவருடைய எடிட்டிங். இப்போது ஒன்றின் ஹெட் தேய்ந்துவிட்டது. படமெல்லாம் மணல் விழுகிறது. பழுதுபார்க்கிறவன் கையை விரித்துவிட்டான். கம்ப்யூட்டருக்கு மாறாமல் கதியில்லை என்று நம்பியே அவரிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறான்.

நம்பி இரண்டு டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்றின்மேல் ரோஜாப்பூ. மற்றது வெறும் கறுப்பு.

"இது பூப்போட்டது. இதயம் பறக்கும், ஆலிலை உதிரும், பொண்ணும் மாப்பிள்ளையும் தாமரைக்குள்ள இருந்து எந்திரிச்சு வருவாவ. படிக்க அறியாதவனும் ஓட்டலாம். இந்தக் கறுப்பு டப்பா சேனல்காரன் வச்சிருக்கது. இதயமும் கிடையாது, இலையும் கிடையாது. ஆனா நிறம், வெளிச்சம் அத்தனையும் இதுக்க கையில. ஆமை மாதிரி நவுரும். உங்க தொழிலுக்கு அது எதுக்கு? விக்கிற நானே சொல்லுதேன்."

"பூப்போட்டதுல நிறம் மாத்த முடியாதா?"

"மாத்தலாமே. ஒரு கோடு இருக்கும். இங்க இழுத்தா மஞ்சள், அங்க இழுத்தா நீலம்."

"மாத்துறது வேற, சரியாக்குறது வேறல்லாடே."

நம்பி சிரித்தான். "கிராக்கி கேக்கத நாம குடுத்தா அதுதான அண்ணாச்சி சரி? ஆமா, பேத்தி பொறந்திருக்காமே, பேரு விடுத இருபத்தெட்டு எப்பம்? சொல்லவே இல்ல."

"போயிட்டுடே."

"எங்க, மாப்பிள்ளை வீட்டுக்கா? அதுக்குள்ளயா?"

பிச்சைக்கனி குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். சட்டைக்குள்ளிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய சின்ன கேசட் ஒன்றை எடுத்து, இரண்டு டப்பாக்களுக்கும் நடுவில் வைத்தார். நம்பியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

*

பிச்சைக்கனிக்குக் கல்யாணத்தைவிடச் சாவில்தான் பெயர். வளைகுடாவில் மகன் இருக்கிற வீட்டில் கிழவன் செத்தால் முதலில் ஐஸ் பெட்டிக்கு ஆள் போகும், அடுத்து பிச்சைக்கனிக்கு. மற்றவர்கள் கேமராவைச் சுழற்றுவார்கள். அவர் நகர்த்துவார். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நின்று போவார். துபாயில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிய வேண்டுமே. அழுகையை அளவெடுத்துப் பார்க்கிற மகன்களும் உண்டு.

இந்தத் தொழிலில் அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, புது கேசட்டின் தொடக்கத்தில் கொஞ்சத்தை வீணாக ஓட விடுவது. வி.சி.ஆர் வேகம் பிடிக்குமுன் படம் ஆடும் என்பதால் வந்த பழக்கம். மற்றது, வெள்ளை காட்டுவது. கேமராவுக்குத் தானாக நிறம் தெரியாது. இந்த வெளிச்சத்தில் இதுதான் வெள்ளை என்று ஒரு வெள்ளைத் துணியைக் காட்டிப் பொத்தானை அமுக்கினால், மற்ற நிறங்களை அது தானே கணக்குப் பண்ணிக்கொள்ளும். காட்டாவிட்டால் மண்டபத்து பல்புக்கு வைத்தது பகலில் எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். பிச்சைக்கனி இரண்டையும் சேர்த்துச் செய்வார். வீணாய் ஓடுகிற நாடாவிலேயே வெள்ளையைக் காட்டி முடித்துக்கொள்வார். அவர் வேட்டி கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போவதே அதற்குத்தான் என்று சாவு வீடுகளில் கேலி உண்டு.

மகள் ஷிஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். புருஷன் விஜய்குமார் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். லீவு கிடைக்கவில்லை. பெண் குழந்தை. படம் அனுப்புங்கள் என்று அவன் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டுக் கெஞ்சியபோது, அவன் அம்மா சுசீலாபாய் ஒரே பிடியாக நின்றாள். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் விடுமுன் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது, கண் பட்டுவிடும், வெளிச்சமும் ஆகாது. பிச்சைக்கனியின் ஊரில் பதினாறாம் நாளே தொட்டில் போட்டுவிடுவார்கள். ஆனால் இந்த ஊரில் சம்பந்தம் பண்ணியாகிவிட்டது. ஜன்னலுக்கு அவர் மனைவி உலகம்மாள் பழைய புடவையைக் கட்டினாள். அறையில் பூஜ்ஜியம் வாட் பல்பு மட்டும். ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் படம் பிடித்தவர், சொந்தப் பேத்திக்கென்று ஒரு புது கேசட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துக் காத்திருந்தார்.

தொட்டில் நாள் தாண்டிப்போயிற்று. இருபத்தெட்டு வரவில்லை. ஒரு காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிப்பதை நிறுத்தியது. ஆட்டோவில் போகும்போதே முடிந்துவிட்டது. இருதயமாக இருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அறுக்க யாருக்கு மனம் வரும்? அன்றைக்கே புதைத்தார்கள்.

சுசீலாபாய் குழிக்கு மண் போட்ட கையைக் கழுவுமுன்னே சொன்னாள்: "எனிக்கு அப்பளே சம்சயம். பிள்ளைக்க சுண்டு நீலம். தாயிக்க வகையில ஏதோ தீனம் உண்டு. மறச்சு கெட்டிக் கொடுத்திருக்கு."

சுண்டு என்றால் உதடு, தீனம் என்றால் நோய். ஷிஜா அன்றைக்கு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்ன ஒரே வாக்கியம்: "எனக்க பிள்ளைக்கு ஒரு கொறயும் இல்ல." அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் மாமியார் சொன்னது பொய் என்றாள்.

விஜய்குமார் மட்டும் பூத்துக்குக் கூப்பிட்டு மாமனாரிடம் கேட்டான். "மாமா, நீங்க எல்லார் வீட்டுக்கும் படம் எடுப்பீங்களே. ஒரு தடவை, கொஞ்சம்போல, எடுக்கவே இல்லையா?"

இல்லை என்றுதான் அவரும் சொன்னார். பிறகு கிள்ளிப்பாலத்துப் பெரியவர் ஒருவரின் சாவுப் படத்தை எடிட் பண்ண உட்கார்ந்தபோது, நாடாவின் தொடக்கத்தில், வீணாய் ஓடவிட்ட அந்தத் துண்டில், பேத்தி கிடந்தாள். அந்தச் சாவுக்குக் கிளம்பிய காலையில் உலகம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஈரம் போக, புடவையை விலக்கி ஜன்னலோரம் வெள்ளை வேட்டித் துண்டில் போட்டிருந்தாள். பிச்சைக்கனி அவசரத்தில் பிள்ளையை நினைக்கவேயில்லை. துணி வெள்ளையாயிருந்தது, கேமராவைக் காட்டினார். பிள்ளை கையை ஆட்டியது, வாயைக் கோணியது, ஓரமாய்ப் பார்த்தது. லென்ஸ் துணிக்கு நெருங்கியது. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் ஐஸ் பெட்டி.

பொத்தானை அமுக்குமுன் எடுத்ததாகையால் படம் முழுக்க நீலம். பிள்ளையும் நீலம்.

அதை சி.டி.யாக்கி ஷார்ஜாவுக்கு அனுப்ப வேண்டும். கொண்டுபோகப் போகிறவன் சுசீலாபாயின் அண்ணன் மகன். சி.டி. போகிற வழியில் பாலராமபுரத்தில் சுசீலாபாயின் வீட்டு டி.வி.யில் ஏறி இறங்காமல் போகாது. நீலப் பிள்ளையை அவள் பார்த்தால் ஷிஜா இனி அந்த வீட்டுப் படி ஏற முடியாது.

*

நம்பி மறுநாள் இரண்டு டப்பாவையும் ஒரு கம்ப்யூட்டரையும் தார்ப்பாயில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கரமனைக்கு வந்தான். "எது சௌகரியமோ வச்சுக்கிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றான். சாலைக் கம்போளத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் அப்பா செருப்பைத் தேடியிருப்பார்.

ஆற்றங்கரைக்குப் போகிற சந்தில் ஓட்டு வீடு. முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்றது. அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு வெந்த வாசம். அதற்கு மேலே, சாவு வீட்டில் எதிர்பாராத மல்லிகைப்பூ வாசம். ஷிஜாவுக்குப் பால் வற்றவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து உலகம்மாள் தினமும் பூ வாங்கி வந்து, பால் நிற்க, மகளின் மாரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பூக்காரி கல்யாணமா என்று கேட்டாளாம். ஆமா என்றாளாம் இவள்.

"வாய்யா நம்பி. மரச்சீனி தின்னுதியா? மீன் வாங்கல, தேங்காச் சம்மந்திதான்."

"ஆவட்டும் மைனி."

பிச்சைக்கனி கேமராவிலிருந்து வயர் எடுத்து மாட்டினார். படம் உள்ளே ஏறியதும் அதைச் சேமித்துவைக்க ஒரு பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.

"பேரு என்ன போட அண்ணாச்சி?"

"பேரு விடலியே" என்றாள் உலகம்மாள் அடுப்படியிலிருந்து.

நம்பி தன் கடையின் பெயரை அடித்தான்.

முதலில் பூப்போட்டது. ஓரத்தில் ஒரு கோடு, அதில் நகர்த்துகிற ஒரு புள்ளி. நம்பி அதை மஞ்சள் பக்கம் தள்ளத் தள்ள நீலம் கரைந்தது. பிச்சைக்கனியும் உலகம்மாளும் திரைமுன் நின்றார்கள். ஷிஜா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

"இன்னும் கொஞ்சம் ஏத்துடே" என்றார் பிச்சைக்கனி.

"காமாலைப் பிள்ளை மாதிரில்லா இருக்கு. இறக்குய்யா" என்றாள் உலகம்மாள்.

"இல்லட்டி, மாநிறந்தான். எங்க அம்மைக்க நிறம்."

"உம்ம அம்மைக்க நிறம் என் பேத்திக்கு எதுக்கு? சுசீலாபாய் பாக்கப்போற படம். ஒரு நூலு வெளுப்பா இருந்தா என்ன குறஞ்சுபோச்சு? நீ வெளுக்க வைய்யா."

நம்பி வெளுக்க வைத்தான். பவுடர் டப்பாவில் ஒட்டியிருக்கிற பிள்ளை மாதிரி ஒன்று திரையில் கையை ஆட்டியது.

"இது ஆரு?" என்றாள் ஷிஜா.

"உன் பிள்ளைதாட்டி."

"அம்மே, வேண்டா. இது அல்ல."

"அப்ப எதுதான்? நீ சொல்லு, அந்த நிறத்துல நிறுத்தச் சொல்லுதேன்."

ஷிஜா வாயைத் திறந்தாள். சொல்லத் தெரியவில்லை. நாளெல்லாம் மடியில் வைத்திருந்த பிள்ளையின் நிறத்தை அவள் அந்தப் பூஜ்ஜியம் வாட்டில்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு நூல் ஏற்று, அரை நூல் இறக்கு என்று கொஞ்சநேரம் நடந்தது. ஜவுளிக்கடையில் சேலையை வெயிலில் பிடித்துப் பார்க்கிற பேச்சேதான். பேரத்திலேயே வளர்ந்த நம்பிக்கும் இந்த வியாபாரம் விளங்கவில்லை. மூன்று பேரும் வாங்குகிறவர்கள், சரக்கு கையில் உள்ளவன் ஒருவனுமில்லை.

"நிறுத்துடே" என்றார் பிச்சைக்கனி. "இது மாத்துறது. நமக்கு இஷ்டப்பட்டதுல நிறுத்துவோம். நாளைக்கு சுசீலாபாய் கேட்டா என்ன சொல்ல? கறுப்பு டப்பாவ ஏத்து."

அதை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில் எல்லாரும் மரச்சீனி தின்றார்கள். ஷிஜா தட்டை மடியில் வைத்துக்கொண்டு தேங்காய்ச் சம்மந்தித் துவையலை விரலால் பரத்தினாள். கரண்ட் வந்ததும் நம்பி முதலிலிருந்து தொடங்கினான்.

கறுப்பு டப்பாவுக்கு அவசரம் கிடையாது. ஒவ்வொரு அசைவுக்கும் யோசித்தது. நம்பி சுட்டியால் ஒரு சின்ன சொட்டுக்குழாய்ப் படத்தை எடுத்துக் காட்டினான்.

"உங்க கேமரா வித்தைதான் அண்ணாச்சி. படத்துல எது வெள்ளைன்னு இதத் தொட்டுக் காட்டினா, மத்ததெல்லாம் அதது இடத்துக்கு வந்துரும். நாம ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்."

"துணியத் தொடு."

தொட்டான். கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படம் மாறியது.

வேட்டித் துண்டு வெள்ளையாயிற்று, நீலம் போட்டு வெளுத்து உலர்த்திய வெள்ளை. ஜன்னல் கம்பியின் துரு தெரிந்தது. ஓரத்தில் உலகம்மாளின் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் பச்சையாக இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தின் பித்தளை பித்தளையாக இருந்தது. பிள்ளையின் கன்னத்தில் எண்ணெய் மினுங்கிற்று. மாநிறம். அப்பன் நிறம் என்று சொல்லலாம், பாட்டி நிறம் என்றும் சொல்லலாம்.

"இதோ" என்றார் பிச்சைக்கனி. "இதுதான். நான் சொல்லல?"

பிள்ளை கையைத் தூக்கியது. நகங்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. வாயைக் கோணியது. உதடும் அதே நிறம்.

"அது... தொட்ட இடம் பிசகியிருக்கும்" என்றான் நம்பி. துணியில் வேறொரு இடத்தைத் தொட்டான். துணி வெள்ளை, வளையல் பச்சை, நகம் கத்தரிப்பூ. பிச்சைக்கனி சுவரைத் தொடச் சொன்னார். அப்புறம் கட்டில் சட்டத்தை. தராசில் நம்பிக்கை இல்லாதவன் படிக்கல்லை மாற்றி மாற்றிப் போடுவதுபோல எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். எடை அதேதான்.

"வசம்பு மையா இருக்கும்" என்றாள் உலகம்மாள்.

"நகத்துக்கு எதுக்குட்டி வசம்பு?"

"எனக்கென்ன தெரியும்? நம்ம ஊரு வழக்கப்படி தொட்டில் போட்டிருந்தா அன்னைக்கே லைட்டப் போட்டுப் படம் எடுத்திருப்பீரு. உம்ம கண்ணுல பட்டிருக்கும். இந்த ஊருக்காரி சொன்னான்னு பிள்ளைய இருட்டுல பூட்டி வச்சோம்லா. இப்பம் அவளே வாயால அளக்கா. அளக்கட்டும். நல்லா அளக்கட்டும்."

ஷிஜா நிலையைவிட்டு வந்து திரைக்கு நேரே நின்றாள். நகர்ந்துகொண்டிருந்த படத்தை நம்பி நிறுத்தினான். அவள் விரலால் அந்த நகத்தைத் தொட்டாள். கண்ணாடிமேல் ஈரம் படிந்தது.

"கை சில்லுன்னு இருந்திச்சு" என்றாள். "குளுருதுன்னு நெனச்சேன். சாக்ஸ் போட்டு விட்டேன். கையிலயும் காலுலயும்."

விரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே மேலும் சொன்னாள்.

"பால் குடிக்கப்போ தலையெல்லாம் வேர்க்கும். இந்த மழையிலயும் வேர்க்கும். ஃபேன் போட்டா சளி பிடிக்கும்னு விசிறிட்டே இருந்தேன்."

"அத ஆரு கண்டா மக்கா" என்றாள் உலகம்மாள். குரல் இறங்கிவிட்டது. "பாலு குடிச்சா எல்லாப் பிள்ளைக்கும்தான் வேர்க்கும்."

நம்பி சுட்டியை மறுபடி கையில் எடுத்தான். கைவசமிருந்த சரக்கில் அடுத்ததைக் காட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு ஆறுதல் தெரியாது. "அண்ணாச்சி, இதுல இன்னொண்ணு உண்டு. சுண்டையும் நகத்தையும் மட்டும் தனியாப் பிடிச்சு நிறம் ஏத்தலாம். துணி, வளையலு எதுவும் மாறாது. பாக்கவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மணிக்கூறு வேலை."

பிச்சைக்கனி மகளைப் பார்க்காமல் சொன்னார்: "செய்."

"வேண்டா" என்றாள் ஷிஜா.

"ஷிஜா மோளே, இது அந்த வீட்டுக்குப் போற சாதனம். அவ பாத்தா உன்னக் கூட்டிட்டுப் போவாளா? வாழணும்லா நீ?"

"அவரு பிள்ளையக் காட்டச் சொன்னாரு. அவ்வளவுதான அப்பா அவரு கேட்டது?"

"அவன் பாக்கதுக்கு முந்தி அவ பாப்பா."

"பாக்கட்டும். நானும் அவங்க சொன்னதப் பொய்யின்னு எத்தன வாட்டி சொல்லிட்டேன். அது பொய்யில்லல்லா." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பின்னே, மறச்சு கெட்டிக் கொடுத்ததா அவங்க சொன்னாங்க. இப்பம் நாம இத மறச்சா அதும் உள்ளதாயிரும். இப்படியே மதி, போதும். இப்படியே போட்டுத் தாங்க நம்பியண்ணா."

நம்பி பிச்சைக்கனியைப் பார்த்தான். அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சி.டி. எழுதுகிற பெட்டி இரையத் தொடங்கியது. தட்டு வெளியே வந்ததும் ஷிஜா அதை எடுத்து, துண்டில் சுற்றி, செருப்பைத் தேடினாள்.

"எங்கட்டி போற?"

"பாலராமபுரத்துக்கு. நான்தான் கொடுக்கணும். நான் நிக்கும்போ அவங்க பாக்கட்டும்."

"பெத்த உடம்புட்டி. மழையில..."

"மழை விட்டாச்சு."

உலகம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குடையோடு பின்னால் ஓடினாள். சந்தின் தண்ணீரில் இருவரும் நடக்கிற சத்தம் திருப்பம்வரை கேட்டது.

நம்பி வயர்களைச் சுற்றினான். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினான். பிறகு, பேசித்தான் ஆக வேண்டும் என்பதால், பேசினான்.

"அண்ணாச்சி, கறுப்பு டப்பாவே கெடக்கட்டும். விலையப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. நீங்க கேட்டது அதுதான?"

"அத எடுத்துருடே. பூப்போட்டதப் போட்டுட்டுப் போ."

"அதுல வெள்ளை காட்ட முடியாது பாத்துக்கிடுங்க. நாளப்பின்ன வந்து, இது இல்லையே, அது இல்லையேன்னா..."

"தெரியும். ஒருக்கா வெள்ளை காட்டிப் பாத்தது போதும்டே."

நம்பி கறுப்பு டப்பாவை நீக்கச் சொன்னான். உறுதியாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதிலுக்காகத் திரும்பினான். மழை விட்டு, பல நாளைக்குப் பிறகு வெயில் கொஞ்சம் உள்ளே விழுந்திருந்தது. பிச்சைக்கனி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.